பித்தப்பைக் கல்: யாருக்கு அறுவை, யாருக்குக் காத்திருப்பு?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரே கோடையில் இரண்டு ஸ்கேன் அறிக்கைகளை நான் படிக்க நேர்ந்தது. முதலாவது என்னுடையது. பணி ஓய்வுக்குப் பிறகு ஒருமுறையாவது முழு உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் வற்புறுத்தியதால் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றேன். பித்தப்பையில் 8 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கல் இருப்பதாக அறிக்கை சொன்னது. எனக்கு வலி இல்லை. செரிமானக் கோளாறு இல்லை. காய்ச்சல் வந்ததும் இல்லை. ஆயினும் அன்று மாலையே, "துளை வழியாகச் செய்துவிடலாம் சார், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார்கள். அடுத்து வந்த கேள்வி, "காப்பீடு இருக்கிறதா?" என்பது.

இரண்டாவது அறிக்கை, வெண்ணாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் நடவு வேலைக்குச் செல்லும் ஓர் அம்மாளுடையது. ஐம்பது வயதைக் கடந்தவர். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகு வரை பரவும் வலியை ஓராண்டுக்கும் மேலாக 'வாய்வு' என்று எண்ணி, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். கண் மஞ்சளானபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தார். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்ட பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பித்தப்பை நிறையக் கற்கள். அவற்றில் ஒன்று நழுவிப் பித்தநாளத்தை அடைத்திருந்தது.

வலியே இல்லாத எனக்கு மறுநாளே அறுவை செய்யத் தயாராக இருந்தார்கள். ஓராண்டு வலியில் துடித்தவரிடம், உயிருக்கு ஆபத்து நேரும் வரை யாரும் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நுண்துளை மருத்துவம் இந்த நாற்பது ஆண்டுகளில் கண்ட வளர்ச்சி மகத்தானது. அதன் பயன் உரியவரைச் சென்றடைவது, கருவியைக் காட்டிலும் நாம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளைப் பொறுத்தது. இக்கட்டுரை அந்த ஏற்பாடுகளைப் பற்றியது.

வயிற்றைக் கிழிப்பதிலிருந்து துளையிடுவது வரை

பித்தப்பையை அகற்றினால் மனிதன் உயிர் வாழ முடியும் என்பதை முதன்முதலில் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்புக். 1882 ஜூலையில் பெர்லினில் அவர் செய்த அறுவையின் அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் அது மீண்டும் கல்லை உருவாக்கும். ஆகவே பையையே எடுத்துவிட வேண்டும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்கும் பை மட்டுமே. பை இல்லாதபோது பித்தநீர் நேராகச் சிறுகுடலுக்குச் செல்லும். பெரும்பாலோருக்கு இதனால் அன்றாட வாழ்வில் குறை ஏதும் ஏற்படுவதில்லை.

ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த அறுவைக்கு விலா எலும்புக்குக் கீழே நீண்ட வெட்டு தேவைப்பட்டது. 1985 செப்டம்பரில் எரிக் மூஹே என்ற ஜெர்மானிய மருத்துவர், லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றைக் கிழிக்காமலேயே பித்தப்பையை அகற்றினார். அவருடைய சொந்த நாட்டு மருத்துவ உலகம் முதலில் அதை ஏற்கவில்லை. பின்னர் 1992-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் சங்கமே அவருக்கு விருதளித்தது. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே இதைச் செய்த பிறகு உலகெங்கும் இம்முறை பரவிற்று. வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பச் செய்து, அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையிலான நான்கு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்துச் செய்வது இன்றைய வழக்கம்.

இந்தியாவில் இதன் தொடக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் நிகழ்ந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தார். பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று பலரும் கருதிய ஒரு முறை, வளரும் நாடுகளின் ஏழைகளுக்கே மிகவும் பொருத்தமானது என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தார். 2023-இல் அவர் மறைந்தார். தமிழகத்தில் கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு டாக்டர் சி. பழனிவேலு இத்துறையை வளர்த்தெடுத்தார்.

பித்தநாளத்தில் இறங்கிவிட்ட கல்லுக்கு வேறு வழி வேண்டும். பித்தப்பையில் கல் உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நாளத்திலும் கல் இருக்கக்கூடும். 1974-இல் ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் ஆகியோரும் ஜப்பானில் கவாயும் தனித்தனியே ஒரே முறையைக் கண்டனர். வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் சிறுகுடலின் முற்பகுதி வரை செலுத்தி, பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலைச் சிறிது கீறிப் பெரிதாக்கி, பலூன் அல்லது சிறு கம்பிக்கூடை கொண்டு கல்லை இழுத்துவிடும் முறை அது. இன்று 'ஈ.ஆர்.சி.பி.' என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுதான். இதில் வயிற்றில் ஒரு தழும்புகூட விழுவதில்லை.

நாள் கணக்கில் ஒரு மதிப்பீடு

மருத்துவர்கள் ஒரு முறையின் சிறப்பை வலி, தழும்பு, தொற்று ஆகியவற்றால் அளக்கிறார்கள். காவிரிப் படுகையில் வாழும் ஒருவர் அதை நாள்களால் அளப்பார். வெட்டுமுறையையும் லேப்ராஸ்கோப்பி முறையையும் ஒப்பிட்ட 38 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2006-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இறப்பு விகிதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. ஆனால் துளைமுறையில் மருத்துவமனையில் தங்கும் காலம் சுமார் 3 நாள்களும், உடல் தேறும் காலம் சுமார் 22 நாள்களும் குறைந்தன.

22 நாள் என்பது குறுவை நாற்றின் வயது. நாற்றங்காலில் விதை தெளித்து, பறித்து நடுவதற்கு ஏறக்குறைய அத்தனை நாள்தான் ஆகும். அந்த இடைவெளியில் படுத்துவிட்ட நடவாள் ஒருவருக்கு அந்தப் பருவத்தின் கூலி முழுவதும் போய்விடுகிறது. குறுவை, சம்பா, தாளடி என்று வேலை குவியும் வாரங்களைக் கழித்துவிட்டால், இங்கே வயல் வேலைக்குக் கூலி கிடைக்கும் நாள்கள் குறைவு. எனவே ஓய்வூதியம் பெறும் எனக்கு 22 நாள் ஓய்வு என்பது புத்தகம் படிக்கக் கிடைத்த நேரம். அந்த அம்மாளுக்கு அது அரையாண்டுக் கடன்.

அமைப்புசார் தொழிலாளர்களின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருபவர் நோயுற்றால், சராசரி ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்கள் வரை பெற முடியும். விவசாயத் தொழிலாளிக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆக, சிறு துளையால் மிகுதியாகப் பயன் பெறக்கூடியவர், ஒரு நாள் கூலியையும் இழக்க முடியாத தினக்கூலித் தொழிலாளியே. அவருக்குத்தான் அது கடைசியாகக் கிடைக்கிறது.

அதே மதிப்பாய்வு வரிசையில் இன்னொரு முடிவும் உண்டு. வெட்டைச் சிறிதாகச் சுருக்கிச் செய்யும் சிறுவெட்டு முறையையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டபோது, சிக்கல்களிலும் உடல் தேறும் காலத்திலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஊரிலும் தேர்ந்த கைகள் இருந்தால் நோயாளிக்கு நன்மை செய்ய முடியும் என்பது இதன் பொருள். கருவி வாங்குவதை மட்டுமே மருத்துவ வளர்ச்சியாகக் கருதும் நம்முடைய திட்டங்களில் இந்த முடிவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

விலை குறைந்தால் எண்ணிக்கை கூடும்

19-ஆம் நூற்றாண்டின் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், 1865-இல் நிலக்கரியைப் பற்றி ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். நீராவி எந்திரங்கள் குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியதும் நாட்டின் கரிச் செலவு குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்; மாறாக அது கூடியது. பயன்பாடு மலிவானதும் பயன்படுத்துவோர் பெருகிவிட்டனர். பித்தப்பை அறுவையிலும் இதுவே நிகழ்ந்தது.

அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் உறுப்பினர்களிடையே 1988 முதல் 1992 வரை நடந்த அறுவைகளை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. லேப்ராஸ்கோப்பி வந்த பின் ஓர் அறுவைக்கான செலவு சுமார் 25 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அறுவைகளின் எண்ணிக்கை பெருகியதால் மொத்தச் செலவு சுமார் 11 விழுக்காடு கூடியிருந்தது. மேரிலாந்து மாநிலத்தை ஆராய்ந்து 1994-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பித்தப்பை அகற்றும் விகிதம் 28 விழுக்காடு உயர்ந்ததைக் காட்டியது. ஓர் அறுவைக்கான இறப்பு விகிதம் குறைந்திருந்தும், அறுவைகள் பெருகியதால் இறந்தோரின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை.

இந்தப் பெருக்கம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். வெட்டுக்கு அஞ்சி வலியைப் பொறுத்திருந்தவர்கள் பலர் துளையை நம்பி வந்திருப்பார்கள், அது நன்மையே. ஆனால் வலியே இல்லாதவர்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஸ்கேன் எடுப்பது எளிதான பிறகு, வேறு எதற்கோ எடுத்த படத்தில் பித்தப்பைக் கல் தென்படுவது சாதாரணமாகிவிட்டது.

இத்தகைய 'மௌனக் கற்கள்' என்ன செய்கின்றன? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 123 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1982-இல் வெளியானது. அவர்களில் 5 ஆண்டுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், 15 ஆண்டுகளில் 18 பேருக்கும் மட்டுமே வலி வந்தது. பெரிய சிக்கல்கள் வலி என்ற முன்னறிவிப்புக்குப் பிறகே வந்தன. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2014-இல் வெளியிட்ட நெறிமுறையும், பித்தப்பையும் நாளமும் இயல்பாக இருந்து தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை என்றே கூறுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சுண்ணாம்பு படிந்து இறுகிய பித்தப்பை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த சதைக்கட்டி ஆகியவை இருந்தால் புற்றுநோய் அச்சம் காரணமாக, வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் அறுவையைப் பரிந்துரைக்கலாம். வட இந்தியாவில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியில், பித்தப்பைப் புற்றுநோய் மிகுதி. அங்கே மௌனக் கல்லையும் எடுத்துவிட வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். அந்த வாதத்தை அப்படியே தெற்கிற்குக் கொண்டுவர முடியாது. இங்கே அந்தப் புற்றுநோய் அரிது. கல்லே தெற்கில் குறைவு என்று இந்திய இரயில்வே ஊழியர்களிடையே நடத்தி 1968-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு கண்டது. வடக்கில் அது தெற்கைப் போல் ஏழு மடங்கு என்பது அதன் கணக்கு. கல்லின் தன்மையும் வேறு. வடக்கில் கொழுப்புக் கற்கள் மிகுதி. தெற்கில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி. கல்லைக் கரைப்பதாகத் தரப்படும் மாத்திரைகள் கொழுப்புக் கற்களில் சிலவற்றை மட்டுமே கரைக்க வல்லவை என்பதால், நம் பகுதி நோயாளிகள் பலருக்கு அவற்றால் பயனில்லை. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாற்றை இதற்கும் குடித்துக்கொண்டு காலம் கடத்துவோரும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு உறுப்புகள், வேறு வேறு கற்கள்.

நோயாளிக்குத் தன் தேவை என்ன என்பது தெரியாது. விற்பவருக்கே அது தெரியும். மருத்துவச் சந்தையின் இந்த இயல்பைக் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். அரிசிக் கடையில் அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அறுவை அரங்கில் அது இயலாது. இடையே காப்பீடு வந்துவிட்டால், நோயாளி விலையையும் உணர்வதில்லை. இதன் விளைவைக் கருப்பை அகற்றும் அறுவைகளில் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டது தொடர்பான வழக்கில், அதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் பணம் அந்த அறுவைகளுக்குப் பயன்பட்டது என்பது வழக்கின் முக்கியமான குற்றச்சாட்டு.

துளை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. லேப்ராஸ்கோப்பி அறுவையில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயமுறுகிறது. அப்படிக் காயமுற்றால், எளிய அறுவைக்கு வந்தவர் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைய நேரும். ஈ.ஆர்.சி.பி. செய்து கொள்வோரில் நூற்றுக்கு 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம். வலியால் வாடுபவருக்கு இந்த ஆபத்தை ஏற்பது நியாயம். எனக்கு நியாயம் இல்லை என்று எனக்குத் தெரிந்த மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் சொன்னார். "வலி வந்தால் வாருங்கள்" என்பதே அவர் தந்த மருந்துச் சீட்டு.

இரண்டாம் முறை வராதவர்கள்

இனி அந்த அம்மாளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனை ஒன்றில் ஈ.ஆர்.சி.பி. மூலம் நாளத்துக் கல் எடுக்கப்பட்டது. இரண்டே நாளில் காய்ச்சல் தணிந்தது. கண்ணின் மஞ்சள் மெல்ல வடிந்தது. பித்தப்பையை அகற்ற ஆறு வாரம் கழித்து வருமாறு சொல்லி அனுப்பினார்கள். ஆறாவது வாரத்தில் எங்கள் ஊரில் குறுவை நடவு மும்முரமாக இருந்தது. நான் நினைவூட்டியபோது அவர் சொன்ன விடை இது: "கல்லுதான் போயிருச்சே ஐயா. இப்ப போயிப் படுத்துக்கிட்டா நாத்து முத்திப் போவும். நடவு முடியட்டும், போறேன்."

நடவு முடிந்ததும் களையெடுப்பு வந்தது. பின்னர் சம்பா வந்தது. ஐப்பசி மழையில் ஒரு நள்ளிரவு, நிமிரவும் முடியாத வலியோடு அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பையில் எஞ்சியிருந்த கற்களில் ஒன்று மீண்டும் இறங்கிக் கணைய அழற்சியை உண்டாக்கியிருந்தது. பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். பித்தப்பை அதன் பிறகுதான் அகற்றப்பட்டது.

அவரை அலட்சியக்காரர் என்று சொல்வது எளிது. அவர் செய்த கணக்கில் பிழை இல்லை; அவருக்குக் கிடைத்த தகவலில்தான் குறை இருந்தது. வலி நின்றதும் நோய் தீர்ந்தது என்று நம்பினார். இன்று நிச்சயமாகக் கிடைக்கும் கூலியையும், என்றோ ஒருநாள் வரக்கூடும் என்று யாரோ சொன்ன ஆபத்தையும் எடைபோட்டார். அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவரிடம் யாரும் எண்ணால் சொல்லவில்லை.

எண் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், நாளத்துக் கல்லை அகற்றிய நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தனர். உடனே பித்தப்பையையும் அகற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கே தொல்லை திரும்பியது. காத்திருந்து பார்க்கலாம் என்று விடப்பட்டவர்களில் 47 பேருக்குத் திரும்பியது. அதே நாட்டில் 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கல்லால் மிதமான கணைய அழற்சி வந்தவர்களைப் பற்றியது. வீட்டுக்கு அனுப்பிச் சில வாரம் கழித்து அறுவை செய்தவர்களில் 17 விழுக்காட்டினர் மீண்டும் சிக்கலுக்கு உள்ளாயினர். அதே அனுமதியிலேயே அறுவை செய்யப்பட்டவர்களில் 5 விழுக்காட்டினரே உள்ளாயினர். "ஒரே அனுமதியில் இரண்டு சிகிச்சை" என்பது நோயாளியின் வசதிக்கான சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. சிகிச்சையின் சரியான வடிவமே அதுதான்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்ற வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வைரஸ் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிவது. அந்தத் தணிவின் புகழ் பச்சிலைக்குச் சேர்ந்துவிட்டது. நாளம் அடைபட்டு வரும் காமாலை அப்படித் தணியாது. வலியும், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும், மஞ்சளும் சேர்ந்து வந்தால் அது நாளத்தில் சீழ் பிடித்ததன் அடையாளம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உடல் அரிப்பு, வெளிறிய மலம், அடர்ந்த நிறத்தில் சிறுநீர் ஆகியவையும் அடைப்பைக் காட்டும். காமாலைக்கு மந்திரிக்கும் இடங்களுக்கு நம் மாவட்டங்களில் இன்றும் கூட்டம் இருக்கிறது. அங்கே போகிறவர்களைப் பழிப்பதைவிட, போவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லும் குரல் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

செய்யக் கூடியவை

இந்திய மக்களின் மருத்துவச் செலவில் சொந்தக் கைப்பணத்தின் பங்கு, தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. தமிழகத்தில் 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளுக்கு மருத்துவமனையின் வாசலைத் திறந்துவிட்டன. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இந்தக் கணக்குகளில் மருத்துவமனைக் கட்டணம் வருகிறது; இழந்த கூலி வருவதில்லை. என் யோசனைகள் அந்த விடுபட்ட கணக்கிலிருந்து பிறந்தவை.

முதலாவதாக, நாளத்துக் கல்லுக்கும் பித்தப்பைக்கும் ஒரே அனுமதியில் சிகிச்சை என்பதைக் காப்பீட்டுத் தொகுப்பின் விதியாக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி நிகழ்வுகளாகக் கருதித் தனித்தனியே பணம் தரும்போது, இரண்டாவதைத் தள்ளிப்போட மருத்துவமனைக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. நோயாளியின் உடல்நிலை இடம் தராதபோது மட்டும் விலக்கு அளிக்கலாம். அப்போதும் அடுத்த தேதியைப் பயிர்ப் பருவம் கேட்டுக் குறிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வலியின் வரலாறு எழுதப்படாத பித்தப்பை அறுவைக்குக் காப்பீட்டுப் பணம் தரக்கூடாது. வலி எப்போது வந்தது, எத்தனை முறை வந்தது, ஸ்கேன் என்ன சொன்னது, விதிவிலக்கானால் எந்த விதிவிலக்கு என்பவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தேவையற்ற அறுவைகளில் மிச்சமாகும் பணமே தேவையானவற்றுக்குப் போதுமானதாக அமையலாம்.

மூன்றாவதாக, அறுவை செய்வோர் தம் முடிவுகளைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். எத்தனை பேருக்கு நாளம் காயமுற்றது, எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தனர் என்ற எண்கள் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிப் பொதுவில் வேண்டும். இது தஞ்சைக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சைகளின் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. இரு நூற்றாண்டுகளுக்கு முன் கையால் எழுதி வைத்ததைக் கணினி யுகத்தில் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை.

நான்காவதாக, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறார்கள். "சாப்பிட்ட பின் வலது விலாவில் வலி வருகிறதா? கண் மஞ்சளானதா? குளிர் காய்ச்சல் உண்டா?" என்ற மூன்று கேள்விகளை அவர்கள் கூடுதலாகக் கேட்டால் போதும். ஆம் என்பவருக்கு ஸ்கேன் எடுக்கும் இடத்தையும் நாளையும் அவர்களே குறித்துத் தரலாம்.

ஐந்தாவதாக, அறுவைக்குப் பின் ஓய்வெடுக்கும் நாள்களுக்கு விவசாயத் தொழிலாளிக்குச் சிறு தொகையாவது கூலி ஈடாக வழங்க வேண்டும். துளைமுறையில் ஓய்வு குறைவு என்பதால் அரசுக்கு இந்தச் செலவும் குறைவு. அந்தத் தொகை கையில் இருந்திருந்தால் எங்கள் ஊர் அம்மாள் ஆறாம் வாரத்தில் மருத்துவமனைக்குப் போயிருப்பார். பதினெட்டு நாள் தீவிர சிகிச்சைக்கு அரசு செலவிட்டதில் ஒரு சிறு பங்குகூட அதற்கு ஆகியிருக்காது.

என் பித்தப்பைக் கல் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. இதுவரை ஒரு தொல்லையும் தரவில்லை. தந்தால் எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாள் இப்போது நலமாக இருக்கிறார்; வேலைக்கும் போகிறார். அந்த ஆண்டு வாங்கிய கடன் இன்னும் முழுதாக அடையவில்லை என்று சென்ற அறுவடையின்போது சொன்னார். மேட்டூர் அணையின் கதவுகள் திறக்கும் நாளை ஒவ்வோர் ஆண்டும் நாம் எண்ணிக் காத்திருக்கிறோம். நடவு தொடங்கும் முன் யார் யாருக்கு மருத்துவமனைச் சீட்டு நிலுவையில் இருக்கிறது என்பதையும் ஊர்தோறும் ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும்.